பட்டையா, புள்ளியா?

குமராட்சி சித்தி வீட்டு அடுப்பு மேடைக்குப் புதுக்கல்லு வந்திருக்கு.
ஊதா, ரோஸ், சாம்பல்னு அலை அலையா ஓடுது.

கொத்தனார் கிரானைட்டுங்கிறார். சித்தப்பா மார்பிளுங்கிறார்.
பஞ்சாயத்துக்கு நான். கேக்கவா வேணும்!

ஓரத்துல எலுமிச்சைச் சாறு விட்டேன். மார்பிள்னா பொடிப்பொடியா நுரைக்கும், பாலிஷ் மங்கும். இது அசையல.
கத்தியால கீறினேன். கல்லுல கோடு விழல, கத்தியோட இரும்புதான் ஒட்டிக்கிச்சு.

"விஞ்ஞானி, சாதத்துக்கு வச்சிருந்த பழம்டா அது!" இது சித்தி.

அசல் கிரானைட்ல நிறமெல்லாம் புள்ளி புள்ளியா கலந்து கிடக்கும். இதுல பட்டை பட்டையா மடங்கிப் போகுது, பரோட்டா மாவு மாதிரி.
கடையில பேரு 'பாரடைசோ'. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிக் கல்லு.
மிக்மடைட்னு ஒரு உருமாறிய பாறை.
பூமிக்குள்ள பல கிலோமீட்டர் ஆழத்துல, சூட்டுலயும் அழுத்தத்துலயும் பாதி உருகி, பாதி உருகாம இறுகினது.
உருகின பாகம் வெளிர் ரோஸ் பட்டை. உருகாம நின்னது மைக்கா மினுங்குற கருப்புப் பட்டை.
அந்தப் பக்கத்துப் பாறைங்களுக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். சித்தப்பா அப்பதான் கொஞ்சம் அடங்கினார்.

மதுரைப் பக்கத்து 'காஷ்மீர் ஒயிட்'டும் உருமாறிய வகையறாதான். அதுல செவப்பா தெரியிற புள்ளி கார்னெட். காஷ்மீருக்கும் அதுக்கும் ஸ்நானப்ராப்தி கூட கிடையாது.

நம்ம ஊர்ல எங்க தோண்டினாலும் கொள்ளிடம் கொண்டாந்த மணலும் களியும்தான்.
கல்லு மொத்தமும் வெளியூர் வரவு.

உங்க வீட்டு மேடைக்கல்லு எந்த ஊரு?