அனுமந்தன்பட்டியில் சிக்கிய திருட்டுக் காத்து!

தேனியிலிருந்து குமுளிக்கு சுமார் 60 கிலோமீட்டர். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி, கம்பம், கூடலூர், லோயர்கேம்ப்... ஊர் பேரைச் சொல்லிக்கிட்டே போனா மலை வந்துடும். காலையில கிளம்பி, குமுளியில ஒரு டீ குடிச்சிட்டு, சாயங்காலம் ஹாஸ்டல் திரும்பணும். இதுதான் எங்க திட்டம். வாகனம், எங்கப்பாவோட பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர்.

அது ஆடி மாசம். கம்பம் கணவாய் வழியா வர்ற தென்மேற்குக் காத்து ஆளையே தள்ளுது. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் மேகமலை. நடுவுல தென்னை, வாழை, நெல், திராட்சைப் பந்தல். 1895-ல் பென்னிகுக் கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணைத் தண்ணிதான் இத்தனை பச்சைக்கும் காரணம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சையும் இந்த மண்ணுதான்.

இதையெல்லாம் ரசிக்க விட்டாத்தானே! சின்னமனூர் தாண்டினதுமே வண்டி இரும ஆரம்பிச்சிடுச்சு. ஆக்சிலேட்டரை முறுக்கினா ஓடுது. விட்டா சைலன்சர்ல 'பட்... பட்'னு வெடி. நின்னா தானா ரேஸ் ஏறுது, அடுத்த நிமிஷம் ஆஃப். உத்தமபாளையத்துல டீக்கடையில நின்னவர் ஒருத்தர், "போர் போயிருச்சுப்பா, இஞ்சினை இறக்கணும்"னு அசால்ட்டா சொல்லிட்டார். பின்னாடி உட்கார்ந்திருந்த மெக்கானிக்கல் நண்பனும், "பிஸ்டன் ரிங்கா இருக்கும்டா"ன்னு ஆமோதிச்சான். எனக்கு அப்பா முகம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஆயிரக்கணக்குல செலவாகுமே, என்ன சொல்லிக் காசு கேக்குறது?

அனுமந்தன்பட்டி வந்ததும் வண்டி சுத்தமா நின்னு போச்சு. தள்ளிக்கிட்டே போனோம். ரோட்டோரம் வேப்பமரத்து நிழல்ல ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். அண்ணன் ஒருத்தர் சாக்குல உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டிருந்தார்.

"கடைசியா வண்டியில எதைத் தொட்டீங்க?"

அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"கார்புரேட்டர் க்ளீன் பண்ணோம்ணே... கடையிலதான்" என்றேன்.

பொய்! முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல் பார்க்கிங்ல, செல்போன் வெளிச்சத்துல, வீடியோ பார்த்துப் பார்த்து நாங்களே கழட்டி மாட்டினது. அண்ணன் குனிஞ்சு பெட்ரோல் கப் ஸ்க்ரூவைப் பார்த்தார். சிரிச்சார்.

"கடைக்காரன் கழட்டியிருந்தா ஸ்க்ரூ தலை இப்படி மழுங்கியிருக்காதே தம்பி. கத்தியில திருகினீகளோ?"

ரெண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

அதுக்கப்புறம் அவர் செஞ்சதுதான் பாடம். முதல்ல கார்புரேட்டர் அடியில இருக்கற ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்து, பெட்ரோலை ஒரு டப்பாவுல பிடிச்சார். தண்ணியோ துருவோ இல்ல. அடுத்து பிளக்கைக் கழட்டினார். "இஞ்சின் நமக்கு எழுதுற லெட்டர் இது. கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. காப்பித்தூள் கலர்னா சரியா இருக்கு. வெளுத்துப்போயிருந்தா காத்து ஜாஸ்தி." எங்க பிளக் சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தது!

பிளக்கை மாட்டி, எப்படியோ ஸ்டார்ட் பண்ணி, சோக்கைப் பாதி இழுத்தார். அட, இருமல் குறைஞ்சது! "சோக் போட்டா பெட்ரோல் கூடும். அப்ப சரியாகுதுன்னா, மத்த நேரம் பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். இல்லைன்னா எங்கயோ திருட்டுக் காத்து நுழையுது."

நண்பன் மெதுவா, "பெட்ரோல் ஒரு பங்குக்குக் காத்து 14.7 பங்குண்ணே"ன்னான். பரீட்சையில எழுதினது. "அந்தக் கணக்குத்தான்ப்பா. ஃபில்டர் வழியா வர்ற காத்துக்குத்தான் கணக்கு உண்டு. சந்துல வர்ற காத்துக்கு ஏது கணக்கு?"ன்னார் அண்ணன்.

சந்து எங்கே? ஒரு பாட்டில்ல சோப்புத் தண்ணி எடுத்து, கார்புரேட்டர் இஞ்சினோட சேர்ற இடத்துல சொட்டுச் சொட்டா விட்டார். தாறுமாறா எகிறிக்கிட்டிருந்த சத்தம் சட்டுனு இறங்கிச்சு. தண்ணி ஒரு நொடி சந்தை அடைச்சிருக்கு. "மாட்டிக்கிட்டான் திருடன்! சில பேரு பெட்ரோலைத் தெளிச்சுப் பார்ப்பாய்ங்க. சூட்டுல தீப்பிடிச்சிரும், அதை மட்டும் செஞ்சிராதீங்க."

கழட்டிப் பார்த்தா, நடுவுல இருக்கற ரப்பர் ஓரிங் ஊதி, ஒரு ஓரம் நசுங்கிக் கிடக்குது. அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. ராத்திரி க்ளீனிங் ஸ்ப்ரே பட்டு அது பெருத்துப் போய், பள்ளத்துல உட்காராம அடம்பிடிச்சது. நான்தான் விரலால அமுக்கி போல்ட்டை இறுக்கினேன். அதைச் சொன்னதும் அண்ணன், "இதை வந்ததும் சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை"ன்னார்.

புது ஓரிங் போட்டு, ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தி சமமா இறுக்கினார். நாங்க இஷ்டத்துக்குத் திருகி வச்சிருந்த ஏர் ஸ்க்ரூவையும் மெதுவா முழுசா உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். இஞ்சின் சூடானதும் காதால கேட்டே இன்னும் கொஞ்சம் திருத்தினார். ஸ்ப்ளெண்டர் பழையபடி முணுமுணுத்துச்சு. இருபது ரூபாய் ஓரிங், நூறு ரூபாய் கூலி. 'இஞ்சினை இறக்கணும்'னு சொன்ன வைத்தியம் இவ்வளவுதான்!

கிளம்பும்போது சொன்னார்: "மேல போகப்போக லேசா இழுவை குறையும். பயந்து ஸ்க்ரூவைத் தொட்டுறாதீங்க." நிஜம்தான். கம்பம் சுமார் 400 மீட்டர் உயரம், குமுளி சுமார் 900. மேலே காத்தோட அடர்த்தி ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவுலயே பெட்ரோலை ஊத்தும். 2020 ஏப்ரல் 1-ல் வந்த பி.எஸ்-6 விதிக்கப்புறம் புது பைக்குல இந்த வேலையை சென்சாரும் இன்ஜெக்டரும் பார்த்துக்குது. ஆனா, நம்ம காலேஜ் ஸ்டாண்டுல அப்பா, மாமா கொடுத்த பழைய வண்டிங்க இன்னும் நிக்குதே மக்களே!

அதனால, கார்புரேட்டரைத் தொட்டப்புறம் வண்டி மிஸ் ஆனா, இஞ்சினைச் சந்தேகப்படாதீங்க. கடைசியா உங்க கை பட்ட இடத்துல ஆரம்பிங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க. முக்கியமா, டாக்டர்கிட்டயும் மெக்கானிக்கிட்டயும் பொய் சொல்லாதீங்க.

குமுளி டீ நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பி வந்து அப்பாவுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம், "சமையல் கத்தியிலயாடா கழட்டின?"ன்னார். சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.