கோதாகிப் போன வளை

வீடு திருத்தப் புறப்படுகிறவன் முதலிற் செய்யும் தவறு, செலவுக்கு ஒரு தொகையை எழுதி வைத்துக்கொள்வதுதான். நாமும் எழுதினோம். அன்னையாரின் அறையில் மேற்குச் சுவர் மாரிதோறும் ஈரம் காட்டும். பங்குனியில் வெள்ளையாய் உவர் பூத்து உதிரும். அந்தப் பூச்சைக் கொத்திப் புதிதாய்ப் பூசுவதற்கு அறுபதினாயிரம் ரூபா போதும் என்பது எமது கணக்கு. கல்லூரியில் தவணை விடுமுறை தொடங்கிய மறுநாளே மேசன் வந்துவிட்டார்.

அவர் உடனே உளியை எடுக்கவில்லை. சுத்தியலின் பிடியாற் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். "மாஸ்டர், இது சுண்ணாம்புச் சுவர். இதுக்கு மேலை ஆர் சீமெந்து பூசினது?" என்றார்.

பாட்டனார் கட்டிய வீடு அது. சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாய் எழுந்த சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதை வெளியே விட்டும்விடும். சீமெந்துப் பூச்சோ அத்துணை இலகுவில் விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் உப்பையும் கூட்டிக்கொண்டு மேலேறும். இருபது ஆண்டுகளாக நாம் ஓட்டையும் பீலியையும் அல்லவா குறை கூறி வந்தோம்!

பூச்சுப் பாளம் பாளமாக விழுந்தது. அதன் பின்னே, விரலளவு அகலத்தில், மண்ணாலான கோடொன்று நிலத்திலிருந்து வளை வரை ஏறியிருந்தது. கறையான் பாதை. தச்சுவேலைக்காரர் ஏணியில் ஏறி வளையை அமுக்கினார். பெருவிரல் உள்ளே போயிற்று.

"உள்ளுக்கு ஒண்டும் இல்லை, மாஸ்டர். வெறுங் கோது."

அது பனை வளை. அகத்தே வைரமுடையதை மரமென்றும், புறத்தே வைரமுடையதைப் புல்லென்றும் தொல்காப்பிய மரபியல் வகுப்பதை வகுப்பிலே நாம் பலமுறை படிப்பித்திருக்கிறோம். பனையைத்தான் உதாரணங் காட்டுவோம். இந்த வளையைச் சீவியவர்கள் உட்புறத்துச் சோற்றியைச் சிறிது விட்டுவிட்டார்கள் போலும். கறையானுக்கு அந்த வழி போதுமாயிருந்தது. ஓட்டின் பாரமெல்லாம் ஒரு கோதின்மேல் நின்றது. அதன் நேர் கீழே அன்னையாரின் கட்டில்.

இன்னொன்றும் கண்டோம். சுவரோரமாய் வளையின் தலைப்பிலே தகரம் வைத்து ஆணி அறைந்து, மேலே சீமெந்து பூசியிருந்தது. யாரோ கண்டிருக்கிறார்கள், கண்டு மூடியிருக்கிறார்கள்.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்களோடு நாமும் வெளியேறினோம். அந்த மாரி முழுவதும், ஓடு உடைந்த அவ்வறைக்குள் மழை பெய்தது. 1996 இல் திரும்பி வந்து வீட்டைத் திருத்தியவர் தந்தையார்.

அன்னையாரிடம் கேட்டோம். "ஐயாவுக்குத் தெரியும், தம்பி. வளை மாத்திறதெண்டால் ஓடு முழுக்க இறக்க வேணும். உங்கள் மூண்டு பேருடைய படிப்பும் கிடந்தது. பிறகு பாப்பம் எண்டவர்" என்றார்.

அந்த மேற்குச் சன்னலோரம் தந்தையாரின் இடம். வேறொருவரையும் அங்கே படுக்க விடமாட்டார். கோடையிற் காற்று வரும் இடத்தைத் தாமே பிடித்துக்கொள்கிறார் என்று பிள்ளைகள் மூவரும் முணுமுணுத்ததுண்டு. பரீட்சைக் காலத்தில் ஒருநாள் நாம் அதற்காகச் சண்டையே பிடித்தோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. 2011 இல் அவர் காலமானபின், அன்னையார் தம் கட்டிலை அங்கே நகர்த்திக்கொண்டார்.

"தெரிஞ்சுமா அம்மா அங்கை படுத்தனீங்கள்?"

"அவர் பதினைஞ்சு வருஷம் கிடந்தவர். நான் கிடந்தால் என்ன?"

பனை தறிப்பதற்கு அனுமதி வேண்டும். முற்றிய மரம் கிடைப்பது அதனினும் அரிது. இடித்த வீடொன்றின் பழைய வளையை வாங்கிச் சீவி ஏற்றினோம். அத்திவாரத்தோரம் கறையான் மருந்திட்டு, சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே பூசுவித்தோம். அறுபதினாயிரம், இரண்டு இலட்சத்தைக் கடந்தது. மற்றைய அறைகளையும் மேசன் தட்டிப் பார்த்தார். இரண்டு இடங்களிற் சத்தம் சரியில்லையாம். அவை அடுத்த விடுமுறைக்கு.

வேலை முடிந்த அன்று, கட்டிலை எங்கே போடுவதென்று அன்னையாரைக் கேட்டோம்.

"இதென்ன கேள்வி? ஐயா கிடந்த இடத்திலை போடு."