ஜாதவ்பூரும் ஒரு பழைய கடலும்

தெற்கு கல்கத்தாவின் 8பி பஸ் நிலையத்தில் ஹாரன் சத்தம் ஓய்வதில்லை. அருகிலேயே ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். 1906-ல் சுதேசிக் கல்வி முயற்சியில் வேர்விட்டு, 1955-ல் பல்கலைக்கழகமானது. அரசியலுக்குப் பேர்போன இந்த வளாகத்தின் நிலவியல் துறைக்கோ குஜராத்தின் கட்ச் மீதுதான் கண். அங்குள்ள பாறைகளில் புதைந்திருக்கும் அம்மோனைட் என்ற சுருள் ஓடுகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அவை வெறும் சிப்பிகளல்ல, பாறையின் வயதைச் சொல்லும் கடிகாரங்கள்.

அந்தக் கடிகாரத்தின் அருமை 2017-ல் புரிந்தது. கட்ச்சின் லோடாய் கிராமத்தருகே கிடைத்த சுமார் 5.5 மீட்டர் நீள எலும்புக்கூட்டைப் பற்றி டெல்லி பல்கலைக்கழகத்தின் குண்டுபள்ளி பிரசாத் குழு அறிவித்தது. அது இக்தியோசார்: டால்பின் உருவம் கொண்ட, ஆனால் ஊர்வன இனத்தைச் சேர்ந்த கடல் பிராணி. உடன் கிடைத்த அம்மோனைட்டுகள் வயதைக் காட்டிக்கொடுத்தன: சுமார் 15 கோடி ஆண்டுகள்.

இவற்றின் கதை அதற்கும் 10 கோடி ஆண்டுகள் முன்பே தொடங்குகிறது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகின் பெரும்பாலான கடல் உயிர்கள் அழிந்தன. ஏறக்குறைய அந்தக் காலகட்டத்தில் நிலத்து ஊர்வன சில கடலில் இறங்கின. 2014-ல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட கார்டோரிங்கஸுக்கு 40 செ.மீ. நீளம்தான். வளையக்கூடிய துடுப்புகளால் சீல் போலக் கரையிலும் தவழ்ந்திருக்கலாம்.

அந்த முதல் அத்தியாயத்தைக் கல்கத்தா விஞ்ஞானிகள் துருவிய கோதாவரிப் படுகையில் தேட முடியாது. அந்தக் காலப் பாறைகள் அங்கே ஆற்று வண்டலால் ஆனவை. அப்போதைய கடலின் தடயம் இமயத்தின் ஸ்பிதியில் இருக்கிறது.

கடைசி அத்தியாயமோ தமிழ் மண்ணில். திருச்சி வட்டாரத்தில் கிடைத்த முதுகெலும்புகளுக்கு, கல்கத்தாவில் தலைமையகம் கொண்டிருந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் லிடெக்கர் 1879-ல் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் சூட்டினார். பெரம்பலூர் மாவட்டம் காரையின் செம்மண் பள்ளங்கள் அந்தக் கடலின் மிச்சம்தான். இக்தியோசார்கள் பூண்டற்றுப் போனதும் அந்த யுகத்திலேயே, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்.

ஒவ்வொரு மழையிலும் காரை கரைகிறது. சுற்றிப் பார்க்க வருபவர்கள் ஞாபகார்த்தமாக ஓடுகளைப் பொறுக்கிச் செல்வதும் உண்டு. புவி மரபிடங்களைக் காக்க மத்திய அரசு மசோதா வரைவை வெளியிட்டது 2022-ல்தான். எந்த அடுக்கில் கிடைத்தது என்ற விவரம் தொலைந்துவிட்டால் ஓடு வெறும் கல். அதன் பக்கத்தில் புதைந்திருக்கும் எலும்புக்கும் வயது சொல்ல ஆளிருக்காது.