முயலுக்கு எந்தத் துவக்கு?



என்னட்டப் படிச்ச தம்பி ஒருவர் கேட்டார்: "சேர், இரவில முயலுக்குப் போக எந்தத் துவக்கு நல்லம்? என்ன தோட்டா?"

வாப்பா சொல்லித் தெரியும். பன்றிக்கு எஸ்ஜி, முயலுக்குப் பன்னிரண்டு போரில் நாலாம் நம்பர். எஸ்ஜி பட்டால் இறைச்சி மிஞ்சாது. இடியன் துவக்கோ சிலநேரம் சுடுகிறவன் கையிலேயே வெடிக்கும்.

முயல் ஹலால். அபூ தல்ஹா (ரலி) முயல் தொடையைக் கொடுத்தனுப்ப, நபியவர்கள் (ஸல்) ஏற்றுக்கொண்டதாகப் புகாரியில் இருக்கிறது. ஆனால் அம்பின் கூர் குத்திச் செத்தது கூடும், அடிபட்டுச் செத்தது கூடாது. சன்னம் எதில் சேரும் என்பதில் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு. ஆகவே உயிரோடு பிடித்து அறுப்பதுதான் பேணுதல். காயத்தோடு பற்றைக்குள் ஓடியதை இருட்டில் எங்கே தேடுவது?

டோர்ச் வெளிச்சத்தில் முயல் அசையாமல் நிற்கும். அதன் கண்தான் நமக்குத் தெரியும். பின்னால் இருப்பது தெரியாது. கொழும்புத்துறையில் பற்றைக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும், இல்லாவிட்டால் கடலில் இறால் பிடிக்கிற ஆள் நிற்பார்.

1990 ஒக்டோபரில் எங்களை வெளியேற்றியபோது நான் கைக்குழந்தை. திரும்பி வந்தும், இரவில் ஒரு வெடி கேட்டால் உம்மா எழும்பிக் குந்தியிருப்பா. பக்கத்து வீட்டு அம்மாவும் அப்படித்தான்.

தம்பிக்குச் சொன்னேன்: "துவக்கு வேண்டாம். சந்தையில ஒரு கோழி வாங்கிக்கொண்டு வாரும், உம்மா சமைப்பா."