கோனா கரையில் ரோய் மீன்

ஹோனாவ்னாவ் விரிகுடாவில் நான் இறங்கும் இடத்தில் மணல் கிடையாது. ஹவாயின் பெரிய தீவில், கோனா கடற்கரையின் இந்தப் பகுதி முழுக்க எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. அந்தப் பாறையில் இயற்கையாகவே இரண்டு படிகள் விழுந்திருக்கின்றன. ஊரார் இந்த இடத்தை ‘டூ ஸ்டெப்’ என்கிறார்கள். படியில் உட்கார்ந்து நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரிந்தால், தலை நனைந்த மறுகணமே கீழே பவளப்பாறை. மஞ்சள் மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பாசியைக் கொறித்துக்கொண்டிருக்கின்றன.

நான் தேடி வந்த ரோய், ஒரு பவளத் திட்டின் நிழலில் வயிற்றைப் பதித்துக் கிடக்கிறது. முழங்கை நீளம். கரும்பழுப்பு உடம்பில் தலை முதல் வால் வரை நீலப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு கருவளையம். நம் மன்னார் வளைகுடாப் பக்கம் களவா என்போமே, அந்தக் குடும்பம்தான். அதே தடித்த உதடு, அதே பெரிய வாய். இது இரையை வெகுதூரம் துரத்துவதில்லை. சிறுமீன் பக்கத்தில் வந்ததும் வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உள்ளிழுத்துவிடுகிறது. சற்றுத் தள்ளி அஞ்சாலை என்ற விலாங்கு மீன் ஒன்று பொந்து பொந்தாகத் தலையை நுழைத்துப் போகிறது. அதற்கு இணையாக இன்னொரு ரோய் மெல்ல நகர்கிறது. அஞ்சாலைக்குப் பயந்து வெளியே பாயும் மீன் ரோய்க்கு இரை. இரண்டும் சேர்ந்து வேட்டையாடுவதைப் படித்திருக்கிறேன். நேரில் பார்க்கையில் ரோயின் பொறுமை மலைக்க வைக்கிறது.

கரையேறியபோது, முப்பல் ஈட்டியோடு கடலிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பாறைமேல் இரண்டு ரோய்களைப் போட்டார். ஹவாயில் வயதில் மூத்தவரை எல்லோரும் ‘அங்கிள்’ என்றுதான் அழைக்கிறார்கள். நானும் அப்படியே கேட்டேன்: “வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பீங்களா, அங்கிள்?”

“இது எங்க ஈரப்பலா மரத்துக்கு உரம். புதைச்சிடுவேன். என் மச்சான் ஒருத்தர் சாப்பிட்டார். பல மாசம் குளிர்ந்த தண்ணி பட்டாலே கை சுடுதுன்னு துடிச்சார். அதுக்கப்புறம் எங்க வீட்ல யாரும் தொடுறதில்ல.”

இந்த மீனுக்கு ஹவாய் பூர்வீகமில்லை. ஹவாய் அமெரிக்க மாநிலமாவதற்கு முன், 1956இல், தாஹிட்டிக்குப் பக்கத்திலுள்ள மூரேயா தீவிலிருந்து அரசே கொண்டுவந்து விட்டது. ஹவாயின் ஆழமற்ற பவளக் கடலில் களவா வகைகள் மிகக் குறைவு. சுவையான ஒரு மீனைச் சேர்த்தால் மீனவருக்கு வருமானம், மக்களுக்கு உணவு என்று கணக்குப் போட்டார்கள். மீன் பெருகியது. ஆனால் அதைத் தின்றவர்கள் நோயில் விழுந்தார்கள். தின்னப் பயந்ததால் பிடிப்பவர் குறைந்தனர். பிடிப்பவர் குறைந்ததால் மீன் இன்னும் செழித்தது. ரோய்களைக் குத்தி அகற்றவே இங்கே ஈட்டிக்காரர்கள் போட்டிகள் நடத்தியிருக்கிறார்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும், கடலின் கணக்கு தெரியாமல் ஓர் உயிரை இடம் மாற்றியது தவறுதான் என்பது என் முடிவு.

ஆனால் அந்த நோயைத் தரும் நஞ்சு ரோயின் சொந்தச் சரக்கு இல்லை. பவளம் செத்த இடங்களில் படரும் பாசியில் காம்பியர்டிஸ்கஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி ஒட்டி வாழ்கிறது. பிரெஞ்சு பாலினேசியாவின் காம்பியர் தீவுகளில் ஜப்பானிய வேதியியலாளர் தகேஷி யசுமோட்டோவின் குழு 1977இல் இதை அடையாளம் கண்டது. பாசி தின்னும் மீனுக்கு அதன் நஞ்சு போகிறது. அந்த மீனைத் தின்னும் மீனுக்குள் அது இன்னும் சேர்கிறது. வட்டி குட்டி போடுவதைப்போல, வேட்டையாடும் மீன் வாழ வாழ நஞ்சு ஏறிக்கொண்டே போகிறது. மீனுக்கு அதனால் வெளியில் தெரியும்படி ஒன்றும் ஆவதில்லை. தின்ற மனிதருக்குத்தான் சிகுவாடெரா என்ற நோய் வருகிறது. 1774இல் இன்றைய வனுவாட்டு தீவுகளில் கேப்டன் குக்கின் மாலுமிகளைப் படுக்கவைத்ததும் இதுதான் என்று கருதப்படுகிறது.

பெரும்பாலும் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். பிறகு உதட்டிலும் விரல்களிலும் மரமரப்பு, உடல் அரிப்பு, மூட்டுவலி. சிலருக்கு இதயத் துடிப்பு மந்தமாகும். குளிர்ந்த பொருளைத் தொட்டால் நெருப்பாகச் சுடுவது இதன் தனி அடையாளம். உயிரிழப்பு அரிது. ஆனால் நரம்புத் தொல்லை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். மது குடித்தால் திரும்பவும் தலைதூக்கலாம். முறிவு மருந்து இல்லை. உபாதைகளுக்குத்தான் சிகிச்சை.

மாலையில் கைலுவா ஊரின் மீன்கடைக்குப் போனேன். பனிக்கட்டி மேல் சூரையும் மற்ற ஆழ்கடல் மீன்களும் சிவப்புத் துண்டுகளாக அடுக்கியிருந்தன. பவளப்பாறையோடு உறவில்லாத அவற்றுக்கு இந்த நஞ்சு வருவதில்லை. ரோய் இருக்கிறதா என்று கேட்டதும் கடைக்காரப் பெண் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார்.

அவர் மறுத்ததில் நியாயம் இருக்கிறது. ஹவாய் ரோய்களைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வில், சுமார் 18 விழுக்காடு மீன்களில் மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடிய அளவு நஞ்சு இருந்தது. அதாவது ஐந்தில் நான்கு மீன்களைத் தின்றால் ஒன்றும் ஆகாது. எந்த நான்கு என்பதுதான் யாருக்கும் தெரியாது. பெரிய மீனில் ஆபத்து கூடுதல் என்றாலும், நீளத்தை மட்டும் வைத்து நல்லது கெட்டதைப் பிரிக்க முடியவில்லை. நிறத்தில், மணத்தில், ருசியில் வேறுபாடு இல்லை. பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் நஞ்சு அழியாது. ஈ மொய்க்கிறதா, வெள்ளிக் காசு கறுக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனைகள் எதையும் காட்டாது. அவற்றை நம்பி உண்பது பெரும் ஆபத்து.

இதெல்லாம் எங்கோ பசிபிக்கில் நடப்பது என்று நாம் இருந்துவிட முடியாது. 2015இல் திருவனந்தபுரத்திலும் 2016இல் மங்களூரிலும் பவளப்பாறை வாழ் சிவப்பு மீனை, நம் சங்கராவின் குடும்பத்தைச் சேர்ந்ததை, உண்ட பலர் இதே நோயால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ரோய் இலங்கை, மாலத்தீவுக் கடல்களிலும் வாழ்கிறது. பவளம் வெளிறிச் சாகும் இடமெல்லாம் பாசி படர்கிறது. நஞ்சைத் தரும் அந்த ஒற்றைச் செல் உயிரிக்கு இடம் பெருகுகிறது.

நம் வீடுகளில் மீன்தலைக் குழம்புக்கு உள்ள மதிப்பு எனக்குத் தெரியும், எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த நஞ்சு தசையைவிடத் தலையிலும் ஈரலிலும் குடலிலும் சினையிலும் அதிகம் சேர்கிறது. ஆகவே பவளப்பாறையில் பிடித்த பெரிய களவா, சீலா, பாரை, சிவப்பு மீன்களின் தலையையும் ஈரலையும் விட்டுவிடுங்கள். அஞ்சாலையை வேண்டவே வேண்டாம். சுற்றுலா போன தீவில் உள்ளூர்க்காரர் தின்னாத மீனை நீங்களும் தின்னாதீர்கள். மீன் சாப்பிட்டபின் உதடு மரத்து, குளிர்நீர் சுட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன மீன், எங்கே வாங்கியது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் துண்டைக் குப்பையில் போடாமல் உறைய வைத்திருங்கள். நோயை உறுதிசெய்ய அது உதவும்.