எதிர்காற்று

நம் முன்னோர் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்கினர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கோடை. தென்றலைப் புகழ்ந்த அளவு கோடையைப் புலவர்கள் புகழ்ந்தாரல்லர். ஆயினும், செங்கோட்டைக் கணவாயை அடுத்து வாழும் எங்களுக்கு அதுவே காற்று. ஆனி, ஆடித் திங்கள்களில் அது மலையின் இடைவெளியிற் புகுந்து, விரைவு மிகுந்து, சாரலையும் உடன்கொண்டு வீசும். கோடை என்னும் பெயருடைய காற்றுக் குளிரைத் தருவது எங்கள் ஊர்ப் புதுமை!

என் பெயரன் மலைவழி ஓட்டத்தில் ஈடுபாடு உடையவன். ஊருக்கு மேற்கே மலை. கிழக்கே ஒரு கரடு. அவற்றின் ஒற்றையடிப் பாதைகளில் அவன் காலைதோறும் ஓடுவான், யான் நடப்பேன். சென்ற ஆடியில் ஒருநாள், காற்று முதுகைத் தள்ள, அவன் கரட்டை நோக்கி மகிழ்ந்து ஓடினான். திரும்பும்போது சட்டை வியர்வையில் தோய்ந்திருந்தது. சாரலும் எதிரே அடித்தது. வீடு சேர்ந்தவன் பற்கள் கிடுகிடுக்க நடுங்கினான். “போகும்போது புழுங்கிற்றே, தாத்தா! வரும்போது ஏன் இத்துணைக் குளிர்?” என்றான்.

நம் உடல் தன்னை ஒட்டியுள்ள காற்றை வெதுவெதுப்பாக்கி, மெல்லிய போர்வைபோல் வைத்துக்கொள்கிறது. வீசுங்காற்று அப்போர்வையை உரித்துவிடுகிறது. உலரும் ஈரமும் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவில் வீசும் காற்றோடு ஒருவன் 10 கிலோமீட்டர் விரைவில் ஓடினால், அவன்மேற் படும் காற்றின் விரைவு 10 மட்டுமே; எதிர்த்து ஓடினாலோ 30. காற்றின் விசை விரைவின் வர்க்கத்தை ஒட்டி வளர்வதாகலின், அடி மும்மடங்கன்று, ஒன்பது மடங்கு!

ஆதலால், புறப்படும்போது காற்றை எதிர்த்துச் செல்லுதல் வேண்டும். வியர்த்துக் களைத்தபின் அதனைத் துணைகொண்டு மீளுதல் வேண்டும். இப்பொழுது அவன் முதலில் மேற்கே செல்கிறான். எதிர்காற்றில் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவது வீண். மூச்சின் அளவறிந்து, அடியைக் குறுக்கி, சற்றே முன்சாய்ந்து ஓடினாற் போதும். எனக்குப் பருத்தியே உகந்தது. ஆனால் ஓடுவோர்க்கு அது ஆகாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்துவிடும். விரைந்து உலரும் சட்டையும், மடித்து இடுப்பிற் கட்டிக்கொள்ளத்தக்க, காற்றுப் புகாத மெல்லிய மேற்சட்டையும் நல்லன. பின்னதை நடுக்கம் கண்டபின் அணிவதினும், திறந்த மேட்டை அடையுமுன் அணிதல் நன்று. காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்வதால் உடல் நீர் இழப்பது தெரியாது. நீர் பருக மறத்தல் ஆகாது.

தென்னந்தோப்பு வழியாக ஓடுவதற்கு மட்டும் ஆடியில் யான் இசைவதில்லை. நெற்றும் மட்டையும் எப்போது விழுமென்று எவர் அறிவார்? சுற்றுவழி அரைக் கிலோமீட்டர் கூடுதல் என்று அவன் இன்னும் முணுமுணுக்கிறான்.