அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை

திங்கள்

காலையிலேயே எங்கள் மசாலாக் கம்பெனியின் மெயில் கேட்வே கியூவில் ஆயிரக்கணக்கில் நிற்கிறது. ஒன்றுகூட நாங்கள் எழுதியதில்லை. அத்தனையும் மெயிலர்-டீமன் பெயரில் வெளியே போகக் காத்திருக்கும் 'சேர்ப்பிக்க முடியவில்லை' கடிதங்கள்.

காரணம் எளிது. எங்கள் டொமைனுக்கு வரும் எதையும் கேட்வே கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வருக்குத் தள்ளும்போதுதான் அப்படி ஒரு ஆளே இல்லை என்று தெரிகிறது. வாங்கிய பிறகு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்வது கேட்வேயின் பொறுப்பு. ஸ்பேம் விடுகிறவன் சொந்த முகவரியா போடுவான்? எவனோ அப்பாவியின் பெட்டியில் எங்கள் பெயரில் குப்பை விழுகிறது. இப்படியே விட்டால் எங்கள் ஐபி தடைப்பட்டியலுக்குப் போகும். அப்புறம் ராட்டர்டாமுக்கு மிளகு விலை அனுப்பினாலும் போய்ச் சேராது.

செவ்வாய்

நாள் முழுக்க மழை. பஜார் ரோட்டில் முழங்காலளவு தண்ணீர். லாக் படித்தேன். ஒரே இணைப்பில் வரிசையாக அஜய், அஜித், அனில், அனிதா, அனூப்... பெயர் அகராதியை வைத்துக்கொண்டு யாரோ கதவு கதவாகத் தட்டுகிறார்கள். எங்கள் கேட்வே ஒவ்வொன்றுக்கும் '250, சரி' என்று தலையாட்டியிருக்கிறது!

1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி மெயில் விதியிலேயே இதைத் தடுக்க இடம் உண்டு. அனுப்புகிற சர்வர் முதலில் தன் பெயர் சொல்லும், பிறகு பெறுநர் பெயர், கடிதம் அதற்கப்புறம்தான். பெறுநர் பெயர் வந்ததுமே '550, அப்படி யாரும் இல்லை' என்றால் கடிதம் உள்ளேயே வராது. தபால்காரர் வாசலில் நிற்கும்போதே சொல்லிவிடுவது மாதிரி.

புதன்

முதலாளி சேட்ஜிக்கு இப்படி வாசலிலேயே மறுப்பது பிடிக்கவில்லை. போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்துக்குப் போய்வந்து கற்ற தமிழில் கேட்டார்: "தம்பி, ஒரு எழுத்து தப்பா அடிச்சு வர்ற ஆர்டர் போயிடுச்சுன்னா?" தப்பான பெயர்கள் எல்லாம் ஒரே பெட்டியில் விழட்டும் என்பது அவர் யோசனை. வியாபாரியின் பயம், புரிகிறது. ஆனால் போன மாதம் வரை அப்படி ஒரு பெட்டி வைத்திருந்தோம்; திறந்து காட்டினேன். லாட்டரி, மாத்திரை, போலி இன்வாய்ஸ். நடுவே போன மாதத்து ஜாதிக்காய் விசாரணை ஒன்று, யாரும் படிக்காமல். அதற்குமேல் அவர் பேசவில்லை.

வியாழன்

கேட்வேயில் ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ். 1998-இல் ஐபிஎம்மில் இருந்தபோது வீட்சே வெனிமா வெளியிட்டது. டச்சுக்காரர்.

ஒரு பெயர் இருக்கிறதா என்று வாசலிலேயே தெரிந்துகொள்ள வழி இரண்டு. உள் சர்வரிடம் ஒவ்வொரு பெயரையும் கேட்டுப் பார்ப்பது ஒன்று. 'உண்டு' என்ற பதிலை 31 நாள், 'இல்லை' என்பதை 3 நாள் போஸ்ட்ஃபிக்ஸ் நினைவில் வைத்திருக்கும். ஆனால் பெறுநர் வடிகட்டலைப் போடாத எக்ஸ்சேஞ்ச், யார் பெயரைச் சொன்னாலும் 'உண்டு' என்றுவிடும். அதைக் கேட்டு என்ன பயன்? எனவே இரண்டாவது வழி: ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து மாற்றுப்பெயர்கள் உட்பட முழுப் பட்டியலையும் மணிக்கொருமுறை எடுத்து கேட்வேயில் வைப்பது. புதிய பட்டியல் பழையதைவிட வெகுவாகச் சுருங்கியிருந்தால் மாற்றாதே என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி. பட்டியல் காலியாக வந்த ஒரு இரவில் கம்பெனியே 'இல்லாத ஆள்' ஆகிவிடக் கூடாது. போஸ்ட்மாஸ்டர் பெயரையும் மறக்காமல் சேர்த்தேன். அந்த முகவரியை எந்த சர்வரும் மறுக்கக் கூடாது என்பது விதி.

வெள்ளி

கியூ வெறிச்சோடிவிட்டது. லாக்கில் வரிக்கு வரி 550.

மதியம் சேட்ஜிக்கு துபாயிலிருந்து ஃபோன், பழைய வாடிக்கையாளர். 'சேல்ஸ்' முகவரியில் கடைசி எஸ்ஸை விட்டுவிட்டாராம். அனுப்பிய நிமிடமே அவருடைய சர்வர் 'அப்படி யாரும் இல்லை' என்று சொல்லிவிட்டதால் கூப்பிட்டிருக்கிறார். பேச்சுவாக்கில் ஏலக்காய்க்கும் விலை கேட்டாராம்.

"தம்பி, அந்த எஸ் இல்லாத பேரையும் லிஸ்ட்ல போட்டுடு. அவரு மறுபடியும் அப்படித்தான் அடிப்பாரு."

போட்டுவிட்டேன்.